பின்னிக்கொண்ட இரண்டு அம்புக்குறிகள்

ஆயிரமாவது ஆல்பம் முடிந்தபோது இரவு பதினொன்றே முக்கால். கடைசிச் சுரம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போய், ஹெட்ஃபோனுக்குள் அந்த மெல்லிய இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. நோட்டை எடுத்து நான்கு வரி எழுதினேன். மதிப்பெண் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தேன், கொஞ்ச நேரம் பார்த்தேன், எடுத்துவிட்டேன். எட்டு வருடம் நான்கு மாதம். இந்த நாளில் என்னென்ன செய்வேன் என்று ஏகப்பட்ட கற்பனை வைத்திருந்தேன். எழுந்து நின்று கத்துவேன், தூங்குகிறவர்களை எழுப்பிச் சொல்வேன், குறைந்தபட்சம் கண்ணாவது கலங்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. பல் தேய்த்துவிட்டுப் படுத்தேன். படுத்த பிறகு மனதில் ஓடியது ஆயிரமாவது ஆல்பம்கூட இல்லை, 611-வது.

அந்த 611-ஐப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆயிரம் ஆல்பம் கேட்டதில் நான் கற்ற பாடங்கள் என்று ஒரு பட்டியல் போடலாம்தான், மூன்று முறை அப்படித் தொடங்கியும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நாலாவது வரிக்குள் இந்த ஆல்பம் குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உடனே போய்ப் பாட்டு வரிசையைப் பார்ப்பீர்கள், பார்த்தால் சிரிப்பீர்கள்.

அட்டையில் எழுதியது

தொடக்கத்தில் இது திட்டமே இல்லை. பாட்டு கேட்கிற பழக்கம் எனக்குள் எப்படியோ சிதறிப் போயிருந்தது. எதையும் முழுதாகக் கேட்பதில்லை, பல்லவி வரும், பிடிக்கும், அடுத்ததுக்குத் தாவுவேன், அதுவும் பல்லவியோடு சரி. ஒரு நாள் வேறு வேலையில் மூழ்கியிருந்தபோது பழைய ஆல்பம் ஒன்று தன்பாட்டுக்கு முழுவதும் ஓடி முடிந்தது. நாற்பது நிமிடம் நான் எங்கும் தாவவில்லை என்பது அது நின்ற பிறகுதான் உறைத்தது. சரி, இதையே ஒழுங்காகச் செய்து பார்ப்போம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். முதலில் நூறு என்றுதான் நினைத்தேன். நூறு முடிந்தபோது நிறுத்த மனம் வரவில்லை, அட்டையில் பெரிய எழுத்தில் ஆயிரம் என்று எழுதிவிட்டேன். அட்டையில் எழுதியதுதான் தப்பு. உள்ளே எழுதியிருந்தால் மறந்திருப்பேன்.

விதிகளை நானே போட்டேன், போடும்போது மிகவும் கறாராக இருந்தேன். ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேட்க வேண்டும். நடுவில் எழுந்தால் மறுபடி முதலிலிருந்து. கேட்பதற்கு முன் அதைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது. போனைத் திரை தெரியாமல் கவிழ்த்து வைக்க வேண்டும், ஏனென்றால் பாட்டின் பெயரையும் இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்பதையும் பார்க்க ஆரம்பித்தால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறை கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். அரைப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதி, கடைசியில் பத்துக்கு ஒரு மதிப்பெண். சராசரியாக ஒரு ஆல்பம் 43 நிமிடம் வந்தது. இரண்டு முறை என்றால் ஆயிரத்துக்கு 1,430 மணி நேரத்துக்கு மேல், அதாவது ராத்திரி பகல் பார்க்காமல் கேட்டால் இரண்டு மாதம். எண்ணிப் பார்த்தபோது பெரிதாகத் தெரியவில்லை. எண்ணிப் பார்க்கிற எதுவும் அப்படித்தான், செய்யும்போதுதான் தெரியும்.

எதைக் கேட்பது என்பதில் பெரிய தத்துவம் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தெரிந்த மொழி ஒன்று, தெரியாத மொழி ஒன்று, பழகிய வாத்தியம் ஒன்று, பெயரே கேள்விப்படாத வாத்தியம் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஜாவாவின் கமெலான் என்ற வாத்தியக் குழு இசை வந்தது, எத்தியோப்பிய ஜாஸ் வந்தது, பல்கேரியப் பெண்களின் குரலிசை வந்தது. அந்தப் பெண்கள் அடுத்தடுத்த இரண்டு சுரங்களை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். முதல் நிமிடத்தில் என் காதுக்கு அது அபசுரம், பத்தாவது நிமிடத்தில் அந்த உரசலே மணியோசை மாதிரி ஆகிவிட்டது. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய லாபம் என்று யாராவது கேட்டால் அந்த ஒன்பது நிமிட இடைவெளியைத்தான் சொல்வேன். பாதியில் தாவுகிறவனாக இருந்திருந்தால் அது எனக்குக் கிடைத்தே இருக்காது.

கடனே என்று

நானூறைத் தாண்டிய பிறகு சாயம் வெளுக்கத் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு மூன்று ஆல்பம் என்பது எப்போதும் ஒரு சின்னப் பாக்கியாக முதுகில் உட்கார்ந்திருக்கும். விட்டால் சேரும், சேர்ந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தை முடிக்க வேண்டியிருக்கும், அப்படிக் கடனே என்று கேட்ட ஆல்பங்களை நினைத்தால் இன்றைக்கும் அவற்றைச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. இரண்டாம் முறை கேட்பது எப்போது நின்றது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் இரண்டாம் முறைக்குப் பதிலாகப் பிடித்த மூன்று நான்கு பாட்டை மட்டும் திரும்பக் கேட்டேன். அப்புறம் அதுவும் போய்விட்டது. நோட்டில் மட்டும் 'இருமுறை' என்று வலது ஓரத்தில் டிக் போட்டுக்கொண்டே இருந்தேன். யாரை ஏமாற்ற என்று கேட்காதீர்கள், அதுவரை அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

மதிப்பெண் கதை இன்னும் மோசம். முடிந்த பிறகு ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன்: ஆயிரத்தில் 391 ஆல்பங்களுக்கு ஏழு போட்டிருக்கிறேன். ஏழு என்பது ஒரு கருத்தே இல்லை. நன்றாக இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாதபோதும், நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சோம்பலாக இருந்தபோதும் என் கை தானாக ஏழுக்குப் போயிருக்கிறது. வார்த்தைகளும் அப்படியே. தட்டச்சு செய்து வைத்திருந்த பகுதிகளில் மட்டும் தேடிப் பார்த்ததில் 'அடர்த்தியான' என்ற சொல் 214 இடங்களில். கிட்டார் அடர்த்தி, மௌனம் அடர்த்தி, ஒரு புல்லாங்குழல்கூட அடர்த்தியாம். ஒலிக்கு நம்மிடம் என்ன வார்த்தைப் பஞ்சமா? கணீர், கரகரப்பு, பிசிறு, குழைவு, இழைவு, கார்வை, முழக்கம் என்று வேண்டிய மட்டும் கிடக்கின்றன. 'கணீர்' மூன்றே மூன்று இடத்தில்தான் வந்திருந்தது. ஆயிரம் ஆல்பத்தில் மூன்றே குரல்தானா கணீரென்று இருந்தது?

இதெல்லாம் சோர்வு. சோர்வை மன்னித்துவிடலாம். 611 சோர்வில் எழுதியது இல்லை.

ஆறாவதா வருது

874-ஐ முடித்திருந்த வாரம். கூட வேலை பார்த்த தம்பி ஒருவர், இசையில் என்னைவிட நிறையத் தெரிந்தவர், எதையாவது கேட்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு மிகவும் பிடித்த விமர்சனம் எதுவோ அதன் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். கவனியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆல்பத்தை அனுப்பவில்லை, பிடித்த விமர்சனத்தை அனுப்பினேன். அதுதான் 611. பத்துக்கு ஒன்பதரை. அதில் இப்படி எழுதியிருந்தேன்: "யாராக இருந்தாலும் வேண்டாம் என்று தடுத்திருக்கக்கூடிய இடத்தில், ஒன்பது நிமிட வாத்திய இசையை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே வருகிறவன் தன் அவசரத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்." கடைசிப் பத்தியில், தாலாட்டு போல இருக்கும் இரண்டு நிமிடப் பாட்டைப் பற்றி: "இந்த ஒரு முடிவுக்காகத்தான் மற்ற ஒன்பது பாட்டுகளும் காத்திருந்தன." எழுதிய இரவில் இதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தது நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. "அண்ணா, கேட்டேன், சூப்பரா இருக்கு. ஒரு சந்தேகம். ஒன்பது நிமிஷ வாத்திய இசையோட ஆரம்பிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அது ஆறாவதா வருது. அந்தத் தாலாட்டு ரெண்டாவதாவே வந்துடுது. நீங்க கேட்டது வேற பதிப்பாண்ணா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இருக்கும்பா, இதெல்லாம் ரெண்டு மூணு பதிப்பு வரும்" என்று யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டுத்தான் தேடினேன். வேறு பதிப்பு எதுவும் இல்லை. ஒரே பதிப்பு, ஒரே வரிசை, அந்த வரிசையில் ஆறாவதாக அந்த ஒன்பது நிமிடம், முதலாவதாக மூன்று நிமிடத்தில் முடிந்துபோகிற ஒரு துள்ளல் பாட்டு. அரை மணி நேரம் குழம்பிவிட்டு, போனில் பாட்டு ஓடும் திரையைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மூலை கண்ணில் பட்டது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு அம்புக்குறிகள். அன்றைக்கு அது அணைந்துதான் இருந்தது. ஆனால் 611 சமயத்தில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஷஃபிள், பாட்டுகளை வரிசை கலைத்துக் குலுக்கிப் போட்டு ஓட்டுகிற பொத்தான்.

போன் மாற்றியது அப்போதுதான். புது போனில் செயலியை இறக்கியபோது எப்படியோ அது எரிந்திருக்கிறது, திரையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்ற என் புனித விதியால் நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை கேட்டிருந்தால் வேறு வரிசையில் வந்து உடனே மாட்டியிருப்பேன். ஆனால் இரண்டாம் முறை கேட்பதை விட்டுத்தான் வெகுகாலம் ஆகியிருந்ததே. டிக் மட்டும் இருக்கிறது, வலது ஓரத்தில், நீல மையில், அழகாக.

அந்தத் தம்பிக்கு உண்மையைச் சொல்ல மூன்று வாரம் ஆனது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அப்போ நீங்க எழுதின அந்த ஆல்பத்தை நான் கேட்கவே முடியாதாண்ணா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அப்போது எனக்குச் சரியாகப் புரியவில்லை.

சும்மா கிடந்த சங்கு

விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதின கதையாக, எத்தனை ஆல்பம் இப்படிப் போயிருக்கிறது என்று கணக்கெடுக்க உட்கார்ந்தேன். நோட்டில் நான் எழுதியிருந்ததையும் ஒவ்வொரு ஆல்பத்தின் உண்மையான பாட்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், 597-இல் முதல் முரண்பாடு வந்தது, கடைசியாகச் சிக்கியது 622. மொத்தம் 26. எப்போது அணைத்தேன் என்று தெரியாது, எரிய வைத்தது எந்த விரலோ அணைத்ததும் அதே விரலாகத்தான் இருக்கும்.

இருபத்தாறில் பதினொன்றில் வரிசையைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தேன். ஒவ்வொன்றிலும் காரணம் இருந்தது. ஒன்றில் சோகமான பாட்டு மூன்று அடுத்தடுத்து வந்ததை "துணிந்து செய்த கனம்" என்றிருக்கிறேன். இன்னொன்றில் ஒரே ராகச் சாயல் கொண்ட இரண்டு பாட்டு தள்ளித் தள்ளி வந்ததால் "நினைவூட்டல்" என்று ஒரு பத்தி. இருபத்தாறில் ஒன்றே ஒன்றில்தான் குறை சொல்லியிருந்தேன்: "பாட்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள், எது எதற்குப் பிறகு வர வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை." பத்துக்கு நான்கு. எட்டு வருடத்தில் நான் எழுதியதிலேயே மிகத் துல்லியமான வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்கு நான்கைக் கொடுத்ததுதான் அநியாயம், என் போனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. தவறான வரிசையில் கேட்டதால் எழுதியது தவறாகிவிட்டது என்பது சின்ன விஷயம், 26-ஐயும் திரும்பக் கேட்டு எழுதினால் தீர்ந்துவிடும். என்னைக் குடைந்தது வேறு. யாருமே முடிவு செய்யாத ஒரு வரிசையைக் கேட்டு, அதற்குள் துணிச்சலைக் கண்டேன், காத்திருப்பைக் கண்டேன், நினைவூட்டலைக் கண்டேன், அதையெல்லாம் நம்பும்படி எழுதவும் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்டாலும் அதில் காரணம் கண்டுபிடித்துவிடுகிற புத்தி இது. அப்படியானால் மிச்சம் 974-இல் நான் கண்டதெல்லாம் என்ன? சரியான வரிசையில் ஓடியது என்பதால் மட்டும் அவை உண்மையாகிவிடுமா, அல்லது அங்கேயும் நான் இதே வித்தையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேனா, மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் வித்தியாசமா?

யார் போட்ட வரிசை

எனக்கு ஆறுதல் தேவைப்பட்டது, அதனால் தேடிப் போனேன். 1948-இல் எல்பி தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்னால் 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கைந்து நிமிடம். அப்படிப்பட்ட தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் மாதிரி உறைகள் வைத்துத் தைத்த புத்தகத்தில் போட்டு விற்றதால்தான் ஆல்பம் என்ற பெயரே வந்தது. எல்பியில் ஊசி உள்ளே போகப் போகத் தட்டின் வட்டம் சுருங்கும், ஆனால் சுற்றும் வேகம் மாறாது. அதனால் ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் வெளி விளிம்பில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், மேல் ஸ்தாயி ஒலிகள் மங்கும், சத்தமான இடங்கள் பிசிறடிக்கும். ஆகவே அதிரடிப் பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும் அமைதியான பாட்டைக் கடைசியிலும் வைப்பது பாதுகாப்பு. எத்தனை பழைய ஆல்பங்களின் மெல்லிய முடிவைப் பற்றி நான் உருகி உருகி எழுதியிருக்கிறேன்! அதில் ஒரு பங்கு ஊசிக்குப் போக வேண்டியது.

எட்டு டிராக் டேப் என்று ஒரு பழைய கேசட் வகை உண்டு, அது இன்னும் வேடிக்கை. மொத்த ஆல்பத்தையும் நான்கு சம பாகமாகப் பிரித்தாக வேண்டும், அதற்காகப் பாட்டுகளை இடம் மாற்றுவார்கள், அப்படியும் பொருந்தாவிட்டால் ஒரு பாட்டை நடுவில் தேய்த்து நிறுத்தி, 'க்ளிக்' என்ற சத்தத்துக்குப் பிறகு மிச்சத்தைத் தொடர்வார்கள். வாங்கிய மனிதருக்கு அதுதான் அந்த ஆல்பம். 1982-இல் சிடி வந்தது, 74 நிமிடம் கொள்ளும், உடனே தொண்ணூறுகளில் ஆல்பங்கள் அந்தப் பாத்திரம் நிரம்புகிற அளவுக்கு ஊதிவிட்டன. (என் நோட்டில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியவற்றுக்கு ஒன்பது கிடைப்பது அபூர்வம். முப்பத்தைந்திலிருந்து நாற்பது நிமிடம்தான் மனிதக் காதுக்கு அளவு என்பது என் கட்சி, இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

ஆனால் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியவை இரண்டு. 1965 டிசம்பரில் பிரிட்டிஷ் குழுவான பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' வந்தபோது, அமெரிக்காவில் வெளியிட்ட நிறுவனம் பிரிட்டிஷ் பதிப்பிலிருந்து நான்கு பாட்டுகளை எடுத்துவிட்டு, முந்தைய ஆல்பத்தில் மிச்சமிருந்த இரண்டைச் சேர்த்து வேறொரு தட்டாக விற்றது. தொடக்கப் பாட்டே வேறு. பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பிரையன் வில்சன் கேட்டது அந்தத் தட்டைத்தான். அதன் ஒருமையைக் கேட்டு அசந்துபோய், தானும் அப்படி ஒரு முழு ஆல்பம் செய்ய வேண்டும் என்று இறங்கியதில்தான் 1966-இல் 'பெட் சவுண்ட்ஸ்' வந்தது. அவர் மயங்கிய அந்த ஒருமையை உண்டாக்கியதில் பாதி, பாட்டுகளை எண்ணி வெட்டி ஒட்டிய ஒரு வியாபார முடிவு. அடுத்தது ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச்சில் பதிவான முதல் மூன்று பாட்டுகளுக்கு ஓடிய டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டிச் செய்த தட்டில் அவை வேகமாகவும் சுருதி சற்று ஏறியும் ஒலித்தன. 1992-இல்தான் ஒரு மறுவெளியீட்டில் சரிசெய்தார்கள். இடைப்பட்ட முப்பத்து மூன்று வருடம் அந்த மூன்று பாட்டையும் காதலித்தவர்கள், யாரும் அந்த அறையில் வாசிக்காத ஒரு சுருதியைக் காதலித்திருக்கிறார்கள். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய ஜாஸ் மாணவர்கள் தங்கள் வாத்தியத்தின் சுருதியைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்காக, பெரிய ஸ்ட்ரீமிங் செயலி ஒன்று ஆல்பம் பக்கங்களில் ஷஃபிள் தானாக முன்னிற்பதை எடுத்துவிட்டது. நாங்கள் யோசித்துத்தான் வரிசை போடுகிறோம் என்பது அவருடைய வாதம். அவர் சொல்வது நியாயம். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, யாரோ என் நோட்டைப் பார்த்துவிட்ட மாதிரி.

ஆறுதல் கிடைத்ததா என்றால், பாதி. மற்றவர்களும் தவறான வரிசையை, தவறான சுருதியை நேசித்திருக்கிறார்கள் என்பது சரி. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே தவறைக் கேட்டார்கள். இரண்டு பேர் சந்தித்தால் பேசிக்கொள்ளலாம். என் தவறு எனக்கு மட்டும்தான் ஒலித்தது.

திரும்பக் கேட்டது

26-ஐயும் சரியான வரிசையில் கேட்டு மறுபடி எழுதுவது என்று முடிவு செய்தேன். நான்கோடு நிறுத்திவிட்டேன். சீட்டுக்கட்டு என்று திட்டிய ஆல்பம் சரியான வரிசையில் மிக நன்றாக இருந்தது, அதற்கு எட்டு போட்டுத் திருத்தினேன், அந்த ஒரு திருத்தத்தில் எனக்கு மனசாட்சி உறுத்தல் இல்லை. மற்ற இரண்டில் பெரிய மாற்றம் தெரியவில்லை. நான்காவது 611. துள்ளல் பாட்டோடு ஆரம்பித்தது, தாலாட்டு இரண்டாவதாக வந்து யாரும் கவனிக்காமல் போனது, ஒன்பது நிமிடம் நடுவில் வந்தது, கடைசியில் கைதட்டல் கேட்கிற மாதிரி ஒரு பெரிய முடிவு. நல்ல ஆல்பம். எல்லோரும் போடுகிற வரிசை. ஏழு போட்டிருப்பேன். முழு நேரமும், வராத ஒரு பாட்டுக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பாட்டு முடிகிறபோதும் என் காது வேறொன்றை எடுத்துக் கொடுத்தது, ஓடியது இன்னொன்று. செய்தவர்கள் போட்ட வரிசை எனக்குத் தப்பாகக் கேட்டது.

மிச்சம் 22-ஐ அப்படியே விட்டுவிட்டேன். நோட்டில் அந்த எண்களுக்குப் பக்கத்தில் பின்னிக்கொண்ட இரண்டு அம்புக்குறி வரைந்திருக்கிறேன், சுமாராகத்தான் வரைய வந்தது. அப்புறம் ஒரு வருடம், 875-லிருந்து கடைசி வரை, வித்தியாசமாக ஓடியது. வரிசை என்ற சொல்லை எனக்கு நானே தடை செய்துகொண்டேன். இரண்டாம் முறை கேட்பது திரும்ப வந்தது, எல்லாவற்றுக்கும் இல்லை, பாதிக்கு. ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று எழுதுவதைக் குறைத்து, என்ன கேட்டது என்று மட்டும் எழுத முயன்றேன். பத்திகள் சின்னதாகிவிட்டன, வாசிக்க அவ்வளவு ரசமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய அரைப் பக்க விமர்சனங்களில் இருந்த ஜோர் இவற்றில் இல்லை. எது உண்மையானது என்று தெரிகிறது, எதைத் திரும்பப் படிக்கத் தோன்றுகிறது என்பதும் தெரிகிறது, இரண்டும் ஒன்றாக இல்லை.

ஆயிரமாவது இடத்துக்கு ஒரு பெரிய ஆல்பத்தை ஐந்து வருடமாகத் தொடாமல் வைத்திருந்தேன். கேட்டேன். நன்றாக இருந்தது. நான்கு வரி. மதிப்பெண் கட்டம் காலி.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மாலை அந்தத் தம்பி கேட்ட கேள்வி ஞாபகம் வந்து, 611-ஐ எடுத்து, நானே தெரிந்து, அந்த இரண்டு அம்புக்குறிகளை அழுத்தினேன். வேறு ஏதோ பாட்டில் தொடங்கியது. நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினேன். பத்துப் பாட்டு, 36,28,800 வரிசைகள். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்பதென்றால், 43 நிமிடம் வீதம், ஏறக்குறைய 297 வருடம். அதிர்ஷ்டத்தை நம்புகிற வேலை இல்லை இது.

அப்போதுதான் நோட்டை எடுத்தேன். அந்த வரிசை எந்தச் செயலியிலும் இல்லை, செய்தவர்களுக்கும் தெரியாது, அது ஒரே ஓர் இரவு இருந்தது, அதற்கு இருக்கும் ஒரே குறிப்பு நான் எழுதிய அந்த ஒன்றரைப் பக்கம்தான். முதலாவது ஒன்பது நிமிடம், பத்தாவது தாலாட்டு, அது நிச்சயம். "மூன்றாவது பாட்டில்தான் முதன்முதலாகக் குரல் நுழைகிறது" என்று இருக்கிறது, ஆகவே இரண்டாவது, குரலே இல்லாத அந்தக் குட்டி வாத்தியத் துண்டாகத்தான் இருக்க முடியும். "துள்ளலுக்குப் பிறகு வரும் அந்தத் தனிப் பியானோ" என்று ஓரிடத்தில். "நடுவில் திடீரென்று எல்லாம் நின்று மறுபடி தொடங்கும்போது" என்று இன்னோரிடத்தில். அந்தப் பாட்டு எது என்று தெரியும், நடு என்றால் ஐந்தா ஆறா என்று யோசித்து ஐந்தில் வைத்தேன், ஒத்துப்போனது. இவ்வளவு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன் என்பதே எனக்கு ஆச்சரியம். அடர்த்தி என்ற சொல் வரும் வாக்கியங்கள் மட்டும் எதற்கும் உதவவில்லை.

ஏழு பாட்டுகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மூன்று பாக்கி. மூன்றை ஆறு விதமாக அடுக்கலாம், நேற்றோடு நான்கைக் கேட்டாயிற்று.